மஞ்சள் வெயில், மாநிறம்

அக்டோபர் பிறந்துவிட்டால் ரொறன்ரோவில் எல்லாருக்கும் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளும் ஆசை வந்துவிடும். ஜூலையில் கூப்பிட்டால் "வியர்க்கும்" என்பவர்கள், ஜனவரியில் கூப்பிட்டால் கதவையே திறக்காதவர்கள், நன்றி நவிலல் விடுமுறை தொடங்கி மாதக் கடைசிவரை வரிசையில் நிற்பார்கள். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள், நிறைமாதக் கர்ப்பிணிகள், முதல் பிறந்தநாள் குழந்தைகள், விசா கிடைத்து ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாக்கள். எல்லாரும் கேட்பது ஒரே படம்தான். பின்னால் மஞ்சளும் சிவப்புமாக மேப்பிள் மரம், முகத்தில் சாய்ந்த வெயில். "அந்த கோல்டன் ஹவர்ல எடுத்துக் குடுத்துருங்க" என்று ஏதோ கடையில் கிடைக்கிற சாமான் போலச் சொல்வார்கள்.

வார நாட்களில் எனக்கு அலுவலகம். சனியும் ஞாயிறும் கேமரா. ஸ்காபரோவில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டு பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிறேன். என்னிடம் படம் எடுத்துக்கொள்பவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, கொஞ்சம் பேர் என்னைப் போலத் தமிழ்நாடு. அதாவது எல்லாரும் கறுப்பு, இல்லையென்றால் அதற்குப் பக்கத்து வீடு. வரன் பார்க்கும் பாஷையில் சொன்னால் மாநிறம். இந்தக் கட்டுரை அந்த வெயிலைப் பற்றியும் இந்த நிறத்தைப் பற்றியும். இரண்டையும் தனித்தனியாகப் பேச எனக்கு வராது.

*

இலையுதிர் காலம் என்கிற சொல்லை ஊரில் நான் பாடப்புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். நம்முடைய ஆறு பெரும்பொழுதுகளில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். குளிரும் மழையும் சேர்ந்த காலம். ஐப்பசியில் அடைமழை என்பார்கள். பாளையங்கோட்டையில் அந்த மாதத்தில் வெயில் என்பது துணி காயவைக்கக் கிடைக்கிற இடைவேளை. இங்கே அதே மாதத்தில்தான் வருடத்தின் ஆக அழகான வெயில்.

ஆனால் பகலின் அந்தப் பகுதிக்கு நம்மிடம் பெயர் உண்டு. சிறுபொழுதுகளில் எற்பாடு. எல் என்றால் சூரியன், பாடு என்றால் சாய்வது. நெய்தலுக்கு உரிய பொழுதாகப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, "மஞ்ச வெயில்" என்போம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நடுத்தெருவில் நம் நிழல் நமக்கு முன்னால் நாலு ஆள் நீளத்துக்கு ஓடுமே, அந்த வெயில்.

அது ஏன் மஞ்சள் என்பது சுலபமான கணக்கு. சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது அதன் ஒளி காற்று மண்டலத்தை நேர்க்குத்தாகக் கடந்து வருகிறது. வானில் 30 பாகை உயரத்தில் இருந்தால் இரண்டு மடங்கு காற்றைக் கடக்க வேண்டும். 10 பாகைக்கு இறங்கினால் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு. அடிவானத்தைத் தொடும்போது 40 மடங்கை நெருங்கும். போகிற வழியில் நீலத்தைக் காற்று சிதறடித்துவிடும், மஞ்சளும் சிவப்பும் மிஞ்சி வந்து சேரும். நடுப்பகல் ஒளியின் வண்ண வெப்பநிலை சுமார் 5500 கெல்வின் என்றால், சாயும் வெயில் 3500, 3000 என்று இறங்கிக்கொண்டே போகும்.

இது பூமி முழுக்கப் பொது. ஊருக்கு ஊர் மாறுவது வேறொன்று, அந்த வெயில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது. பாளையங்கோட்டையில் சூரியன் விழும். அக்டோபர் நடுவில் 10 பாகை உயரத்திலிருந்து அடிவானத்துக்கு இறங்க அதற்கு 40 நிமிடம் போதும். ரொறன்ரோ 43 பாகைக்கு மேல் வடக்கே இருப்பதால் இங்கே சூரியன் சரிவில் இறங்குகிறது. அதே தூரத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். தவிர, அக்டோபர் நடுவில் இங்கே உச்சிப்பொழுதுக்கே 37, 38 பாகைக்கு மேல் ஏறாது. ஊரில் அன்றைக்கு 70 பாகையைத் தாண்டியிருக்கும். காலையும் மாலையும் நீண்டு நடுப்பகலைச் சாப்பிட்டுவிட்ட மாதிரி ஒரு நாள்.

அத்துடன் மரங்கள். மேப்பிள் இலையின் மஞ்சள் புதிதாக வருவதல்ல. பச்சையம் சிதைந்து விலகியதும் ஏற்கெனவே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் இலை கடைசிக் காலத்தில் புதிதாகத் தயாரித்துக்கொள்வது. படம் எடுப்பவளுக்கு மரத்தில் இருக்கும் இலையைவிடத் தரையில் கிடப்பதுதான் முக்கியம். புல்தரையில் ஒருவரை நிறுத்தினால் தாடைக்கு அடியில் பச்சை ஏறும். மாநிறத்தில் அந்தப் பச்சை சீக்காளி முகத்தைக் கொண்டுவந்துவிடும். அதே இடத்தில் உதிர்ந்த மஞ்சள் இலை மெத்தையாகக் கிடந்தால் கீழிருந்து ஒரு சூடான ஒளி எழும்பி, கண்ணுக்கடிக் குழியையும் கழுத்துச் சுருக்கத்தையும் நிரப்பும். சினிமாவில் தெர்மோகோல் பிடிக்கிற வேலையை இங்கே மரம் பார்த்துவிடுகிறது. பூங்காவை யாராவது பெருக்கிச் சுத்தம் செய்துவிட்டால் எனக்குத்தான் நஷ்டம்.

சூரியன் மறைந்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். டெரன்ஸ் மாலிக் இயக்கி 1978இல் வந்த 'டேஸ் ஆஃப் ஹெவன்' இந்தக் கனடாவின் அல்பெர்ட்டா மாகாணத்தில் எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவுக்கு நெஸ்தோர் அல்மெந்த்ரோஸ் ஆஸ்கர் வாங்கினார். படத்தின் பெரும்பகுதியை மாய நேரம் என்று சொல்லப்படும் அந்தப் பொழுதுக்காகக் காத்திருந்து எடுத்தார்கள். பெயர்தான் மணி நேரம், கையில் கிடைப்பது 25 நிமிடம்கூட இல்லை என்பது அல்மெந்த்ரோஸின் கணக்கு. அந்த நிழலற்ற ஒளி வயலுக்கும் வானத்துக்கும் அற்புதமானது. மாநிற முகத்துக்கு எனக்குப் பிடித்தது அதற்கு முந்தியது, சூரியன் இன்னும் கண்ணில் படுகிற ஒரு மணி நேரம்.

காரணம் இருக்கிறது. கறுத்த தோல் வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், கொஞ்சம்தான் திருப்பித் தரும். அதனால் ஒரு கறுத்த முகத்தின் வடிவத்தை நாம் பெரும்பாலும் அதன் பளபளப்பை வைத்தே படிக்கிறோம்: கன்ன மேட்டில், மூக்குத் தண்டில், நெற்றியில், கீழுதட்டில் விழும் மினுக்கம். உச்சி வெயிலில் அது நாலு வெள்ளைப் புள்ளியாகக் குத்தும், கண்கள் புருவ நிழலுக்குள் புதைந்துபோகும். சாய்ந்த வெயில் புருவத்துக்குக் கீழே நுழையும். கண்மணியின் பழுப்பு தெரியும். வெயிலின் பலம் குறைந்து வானத்தின் வெளிச்சம் அதற்குச் சமமாக நெருங்குவதால் நிழல் அடர்ந்து கட்டாது, பளபளப்பு புள்ளியாக நிற்காமல் தடவிய எண்ணெய் போலப் பரவும். நம்மூரில் இதற்குச் சரியான சொல் வைத்திருக்கிறார்கள். களை.

*

கேமராவுக்குக் களை தெரியாது. அதற்குத் தெரிந்தது சராசரி.

கேமராவின் ஒளிமானி காலங்காலமாக ஒரு எண்ணத்தோடுதான் வேலை பார்க்கிறது: தன் முன்னால் இருப்பது எதுவாக இருந்தாலும், எல்லாவற்றையும் கலந்தால் 18 சதவீத ஒளியைத் திருப்பித் தரும் சாம்பல் நிறம் வரும் என்று. வெள்ளைப் புடவை கட்டிய பாட்டியைக் காட்டினால், 'இவ்வளவு வெளிச்சமா' என்று மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். பாட்டியின் முகம் போய்விடும். அதே பாட்டி கறுப்பு குளிர்க்கோட்டு மாட்டியிருந்தால், 'இவ்வளவு இருட்டா' என்று தூக்கிவிடும். அப்போது முகம் வெந்த கத்தரிக்காய்த் தோல் நிறத்துக்கு வெளுக்கும், நெற்றியில் விபூதி இருந்த இடத்தில் ஒன்றுமில்லாத வெள்ளைத் திட்டு இருக்கும். இப்போதைய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து அளக்கின்றன. கண்டுபிடித்த முகத்தை எவ்வளவு வெளிச்சமாகக் காட்டுவது என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்திருப்பார் அல்லவா, அதுதான் பிரச்சினை.

அந்த யாரோ ஒருவருக்கு ஒரு காலத்தில் பெயரே இருந்தது. ஷேர்லி. கோடாக் நிறுவனம் தன் ஃபிலிமைக் கழுவிப் படம் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். பளிச்சென்ற உடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அதில் இருந்தவர் ஷேர்லி என்கிற கோடாக் ஊழியர் என்பதால், பிறகு வந்த அட்டைகளுக்கும் ஷேர்லி அட்டை என்றே பெயர் நிலைத்தது. அவர் தோல் சரியாக வந்தால் மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். உலகத்து முகங்கள் எல்லாம் அந்த ஒரு முகத்துக்குச் சரிசெய்த மெஷின் வழியாக வந்தன. மொன்றியல் கொன்கோர்டியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லோர்னா ராத் இதைப் பற்றி 2009இல் விரிவாக எழுதினார். அதில் ஒரு தகவல் எனக்கு மறக்காது. பழுப்பு நிறங்களைச் சரியாகப் பதியும்படி ஃபிலிமைத் திருத்த கோடாக்கை நெருக்கியவர்கள் கறுப்பின மக்கள் அல்ல. சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் கம்பெனிக்காரர்களும்தான். பால் சாக்லேட்டுக்கும் கறுப்பு சாக்லேட்டுக்கும் விளம்பரத்தில் வித்தியாசம் தெரியவில்லையாம்.

ஃபிலிம் காலம் போய்விட்டது. 2021இல் கூகுள் தன் கைபேசிக் கேமராவில் கறுத்த தோலை உள்ளபடி காட்டுவதற்கென்றே தனியாக வேலை செய்து, அதை விளம்பரமும் செய்தது. அதுவரை உள்ளபடி காட்டவில்லை என்பது அதிலேயே இருக்கிறது. நம் ஊர்க் கைபேசிகளில் அழகாக்கும் வசதியைத் திறந்தால், நாம் கேட்காமலே அது செய்கிற முதல் வேலை வெளுப்பாக்குவது.

வெயில் விஷயத்திலும் இதே கதை. தானியங்கி வெண்சமநிலை என்று ஒன்று இருக்கிறது. மஞ்சள் வெயிலைப் பார்த்ததும் அது 'எங்கோ தப்பு' என்று நினைத்து நீலத்தைச் சேர்த்துச் சரிசெய்யும். சாயங்காலம் ஆறு மணி, பகல் பன்னிரண்டு ஆகிவிடும். மாநிறத்தில் இருந்த செம்மை வடிந்து சாம்பல் பூத்துவிடும். அதனால் நான் அதை அணைத்துவிட்டு 5500இல் பூட்டிவிடுவேன். ஒளிமானியை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, விழுகிற வெளிச்சத்தை அளப்பேன். தோல் திருப்பித் தருவதை வைத்துக் கணக்குப் போட மாட்டேன். இப்படிச் செய்தால் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் வரும். விபூதியின் மூன்று கோடும் மூன்றாகவே இருக்கும். இதில் ஒரு ரகசியமும் இல்லை. கேமரா சரிசெய்ய நினைப்பதையெல்லாம் வேண்டாம் என்று சொல்வது, அவ்வளவுதான்.

*

எனக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், என்னையும் ஒருதடவை சரிசெய்திருக்கிறார்கள்.

இருபத்திரண்டு வயதில் ஜாதகத்தோடு வைக்க ஒரு படம் வேண்டும் என்று அம்மா ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அண்ணன் என்னைப் பார்த்த உடனே உள்ளே போய் பவுடர் டப்பாவை எடுத்து வந்தார். இரண்டு பக்கமும் குடை விளக்கு. தலையைச் சாய், நாடியை இறக்கு, சிரிக்காதே, லேசாகச் சிரி. மூன்றாம் நாள் படம் வந்தது. முகம் மைதா மாவு. கழுத்தைத் திருத்த மறந்திருந்தார், அது என்னுடையதாகவே இருந்தது. அம்மாவுக்குக் கழுத்து தெரியவில்லை, முகம்தான் தெரிந்தது. "நல்லா வந்திருக்குல்லா" என்று பர்ஸில் ஒன்று வைத்துக்கொண்டாள்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வீட்டார் வந்தார்கள். காபி கொடுத்துவிட்டு உள்ளே வந்து கதவு மறைவில் நின்றேன். அந்த வீட்டுச் சித்தியோ அத்தையோ மெதுவாகத்தான் சொன்னாள்: "ஃபோட்டோவுல நல்ல கலராத் தெரிஞ்சாளே." அதற்கு எங்கள் வீட்டு ஆச்சி உடனே சொன்ன பதில், தமிழ்நாட்டில் எல்லாக் கறுத்த பெண்களும் கேட்டு வளர்ந்த பதில்தான். "கருப்பா இருந்தாலும் களையா இருப்பா."

சம்பந்தம் அமையாததில் வருத்தம் ஒன்றும் இல்லை, அந்தப் பையனின் முகம்கூட ஞாபகம் இல்லை. ஆனால் அந்த 'இருந்தாலும்' ரொம்ப நாள் உள்ளேயே கிடந்தது. மன்னிப்புக் கேட்கிற தொனி அதில். கேமரா வாங்கி, வெளிச்சம் கொஞ்சம் பிடிபட ஆரம்பித்த பிறகுதான் அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை இருப்பதாகப் பட்டது. பளபளப்பை வைத்து வடிவம் காட்டுகிற தோலுக்குத்தானே களை கூடும்? வெளுத்த தோலில் வெளிச்சம் எங்கும் ஒரே மாதிரி படியும், கறுத்த தோலில் அது இடம் பார்த்து உட்காரும். ஆச்சி சொல்லியிருக்க வேண்டியது 'கருப்பா இருக்கிறதுனால'.

மட்டக்களப்புப் பக்கம் அமிர்தகழியில் பிறந்த ஒருவர் இதைத் தமிழ் சினிமாவில் எப்போதோ செய்துகாட்டிவிட்டார். பாலு மகேந்திரா. இந்த வீட்டு ஐயா அவரை "எங்கட ஆள்" என்றுதான் சொல்வார். 1988இல் வந்த 'வீடு' படத்தில் அர்ச்சனாவின் முகத்தைப் பாருங்கள். ஜன்னல் வழியாகவும் வாசல் வழியாகவும் வருகிற வெளிச்சத்தில், அவர் நிறத்தில், அவர் இருக்கிறார். சிறந்த நடிகைக்கான தேசிய விருது அந்த முகத்துக்குத்தான் போனது.

*

நான் இருக்கிற வீட்டில் ஒரு அம்மம்மா இருக்கிறார். வீட்டு அக்காவின் அம்மா. எண்பதைத் தாண்டியவர். பிள்ளைகள் கூப்பிடுவதைப் பார்த்து நானும் அம்மம்மா என்பேன். போன வருடம் நன்றி நவிலல் விடுமுறையன்று பேஸ்மென்ட் படியில் நின்று கூப்பிட்டார்.

"பிள்ளை, நீர் நல்லாப் படம் எடுப்பீராம். எனக்கும் ஒண்டு எடுத்துத் தாருமன்."

"எடுக்கலாம் அம்மம்மா. எதுக்கு?"

"கல்வெட்டுக்குத்தான்."

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஈழத்தமிழர்களிடம் கல்வெட்டு என்பது ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். முதல் பக்கத்தில் இறந்தவரின் படம் இருக்கும். அம்மம்மா தன்னுடையதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறார்.

"நான் போனாப் பிறகு இவை அந்தப் பாஸ்போட் படத்தைப் போட்டிடுவினம். அதில நான் கள்ளி மாதிரி இருக்கிறன். நீர் வடிவா எடும். கறுப்பாத் தெரியாமல் எடும்."

கடைசி வாக்கியத்துக்கு நான் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்குப் பூங்காவுக்குப் போகலாமா என்று கேட்டேன். "விளக்கு வைக்கிற நேரத்தில வெளிய நிக்கிறதே?" என்றார். எற்பாடு கிடையாது, விடியல்தான் என்று முடிவானது.

மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் பகல் முழுக்க மழை பெய்து இரவில் ஓய்ந்திருந்தது. அப்படி மழை கழுவிவிட்ட காலை வெயில் சாயங்கால வெயிலைவிடத் துப்புரவாக இருக்கும். புகையும் தூசியும் குறைவு, அதனால் சிவப்பும் குறைவு, பழுத்த எலுமிச்சை நிறம். சூரியன் ஏழே முக்காலுக்கு வந்தாலும் எதிர்வீட்டுக் கூரையைத் தாண்டிப் பின்வளவுக்கு வர எட்டரையாகும். ஒரு மேப்பிள் மரம் உண்டு அங்கே, இலையெல்லாம் மஞ்சளாகப் பாதி மரத்திலும் பாதி தரையிலும் கிடந்தது. அம்மம்மா குளித்து, பூசை முடித்து, விபூதியோடு வந்தார். அரக்குக் கரை போட்ட வெண்பழுப்புச் சேலை. மேலே கறுப்புக் கோட்டு. ஆறு டிகிரி.

நாற்காலியில் உட்காரவைத்தேன். அக்கா கோட்டை வாங்கிக்கொண்டு சட்டகத்துக்கு வெளியே நிற்பாள். நான் சொன்னதும் கழற்ற வேண்டும், நாலு படம் எடுத்ததும் போர்த்திவிட வேண்டும். டாலர் கடையில் வாங்கிய வெள்ளை அட்டையைப் பேரன் பிடித்தான், பிறகு இலைகளே போதும் என்று கீழே போடச் சொன்னேன். வெயில் அவர் காலில் ஏறி, மடிக்கு வந்து, கழுத்துக்கு வந்தது. முகத்துக்கு வந்தபோது அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

"கண்ண மூடிக்கோங்க அம்மம்மா. நான் சொல்றப்போ திறங்க."

கண்ணை மூடியபடியே அவர் பேச ஆரம்பித்தார். "ஊரில ஐப்பசி எண்டால் மழை பிள்ளை. நாங்கள் வெளிக்கிட்டதும் ஐப்பசியிலதான்."

1995 அக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சியை நோக்கி நடந்த நாள். லட்சக்கணக்கான சனம், ஒரே ஒடுங்கிய வீதி, மழை. அவர் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டது காணி உறுதி, நகை, கொஞ்சம் அரிசி. ஆல்பம் ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. பாரம் என்று விட்டுவிட்டார்கள். திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பெட்டியும் இல்லை. அதில் அவர் அம்மாவின் ஒரே படம் இருந்தது. பட்டணத்து ஸ்டுடியோவில் கதிரையில் இருந்து எடுத்தது.

"அம்மாவின்ர முகம் எனக்கு இப்ப வடிவா ஞாபகம் வாறதில்லை. கறுப்பு. அவவும் என்னைப் போலக் கறுப்பு. அவர் என்னைக் கறுப்பி எண்டுதான் கூப்பிடுறவர். அம்மாவும் மருமேன்ர வாயைக் கேட்டுச் சிரிப்பா."

"இப்ப திறங்க" என்றேன். மொத்தம் பதினெட்டுப் படம். அதற்குள் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது அவருக்கு. அக்கா கோட்டைப் போர்த்திவிட்டாள்.

அடுத்த வாரம் ஒன்றைத் தாளில் போட்டு, பகல் வெளிச்சம் வரும் சமையலறை ஜன்னல் பக்கம் வைத்துக் காட்டினேன். எந்தத் திருத்தமும் இல்லை. கறுத்த முகம், அதில் மூன்று வெள்ளைக் கோடு, இடது கன்னத்தில் வெயில், கண்ணில் பழுப்பு. முதலில் பார்த்தது அக்காதான். "நல்லா இருக்கு தங்கச்சி. எண்டாலும் கொஞ்சம் வெளிச்சமாக்கலாமே? அம்மா இவ்வளவு கறுப்பில்லையே" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு சொன்னார்: "இது நான் இல்லை. அம்மா."

அவர் அந்தப் படத்தைக் கல்வெட்டுக்காக எடுத்து வைக்கவில்லை. சாமியறையில், இறந்துபோன கணவரின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வீட்டில் பெரிய சண்டை. அக்கா, "உயிரோட இருக்கிற ஆளின்ர படத்தைச் சாமியறையில வைக்கிறதே? ஆக்கள் பாத்தா என்ன நினைப்பினம்?" என்றாள். அம்மம்மா விடவில்லை. "ஆர் சொன்னது அது நான் எண்டு?"

படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பூ வைக்கிறார். கல்வெட்டுக்கு வேறொன்று எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார், இந்த அக்டோபரில். இந்தத் தடவை 'கறுப்பாத் தெரியாமல்' என்று சொல்லவில்லை. 'சிரிச்சமாதிரி' என்று சொல்லியிருக்கிறார்.

*

எல்லாரும் அம்மம்மா இல்லை. "கொஞ்சம் ப்ரைட் பண்ணிக் குடுங்க" என்று கேட்பவர்கள் இன்னமும் கேட்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. ஸ்டுடியோவிலிருந்து வந்த மைதா முகத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்ட அம்மாவுக்குப் பிறந்தவள் நான். அது அவள் ஆசை மட்டும் இல்லை, பயம். பெண்ணுக்கு ஒரு இடம் அமைய வேண்டுமே என்கிற பயம். அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முதலில் திருத்தாத படத்தைத் தாளில் கொடுப்பேன். ஒரு வாரம் வீட்டில் வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்துப் பாருங்கள் என்பேன். அப்புறமும் வேண்டுமென்றால் மூலக் கோப்பை அப்படியே கொடுத்துவிடுவேன். படம் உங்களுடையது, வெளுப்பாக்குகிற கை மட்டும் என்னுடையதாக இருக்காது. சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போயிருக்கிறார்கள். சிலர் கோப்பை வாங்கவே இல்லை.

எதிர்ப்பக்கத்துத் தொந்தரவும் உண்டு. கோல்டன் ஹவர் என்று பெயர் போட்டு இணையத்தில் விற்கிற தயார்நிலை வண்ணங்களை மாநிறத்தில் ஏற்றினால் எல்லாரும் செம்மண் பூசியதுபோல ஆகிவிடுவார்கள். பொன்னாக்குவதும் ஒரு வகை வெளுப்பாக்குவதுதான். வெயில் முகத்தின் மேல் படவேண்டும், முகத்துக்குப் பதிலாக வந்து உட்காரக் கூடாது. நான் படத்தைத் திறந்ததும் முதலில் பார்ப்பது கண்ணின் வெள்ளை. அது லேசாக மஞ்சளேறியிருந்தால் சரி, அது வெயில். ஆரஞ்சு ஆகிவிட்டால் அது நான்.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவைப்பார்கள். அன்றிலிருந்து ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். அலுவலகம் விட்டு வரும்போது தெருவிளக்குதான். இலைகளும் அதற்குள் பழுப்பாகிப் பைகளில் கட்டப்பட்டு வாசலில் நிற்கும். வெயில் இன்னும் சாய்ந்து, இன்னும் நீளமாக வரும். அதைத் தாங்கிக் கீழிருந்து திருப்பித் தர மஞ்சள் தரை இருக்காது, வெளியே உட்கார ஆளும் இருக்காது.

போன அக்டோபரின் கடைசி வெயிலில் இந்த வீட்டுப் பேத்தியிடம் கேமராவைக் கொடுத்து என்னை ஒன்று எடுக்கச் சொன்னேன். ஒளியளவும் வெண்சமநிலையும் நான் வைத்துக் கொடுத்தது, அழுத்தியது அவள். பவுடர் இல்லை. முகமும் கழுத்தும் ஒரே ஆளுடையதாக இருந்தது. அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஊரில் விடிகாலை. உடனே ஃபோன் வந்தது.

"என்னட்டி இப்படிக் கருத்துப் போயிட்ட? அங்க வெயிலே கெடையாதும்பாங்களே?"

"இருக்கும்மா. சாயந்தரம் ஒரு மணி நேரம் இருக்கு" என்றேன்.